பெயர் மாற்றமும் இடமாற்றமும்: சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் ஒரு நோக்கு

தோற்றுவாய்

‘பெயர்’ என்னும் சொல் தமிழில் இரு வகையாக நின்று பொருள் தருவது. பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அது ஒரு பொருளைச் சுட்டி அழைக்கும் குறியாகிறது. வினையடியாக நிற்கும்போது இருந்த இடம் விட்டு நகர்தலைக் குறிக்கிறது. பெயர் மாறுவதும் இடம் பெயர்வதும் ஒன்றற்கொன்று அணுக்கமான செயல்கள் என்பதை இச்சொல்லே உணர்த்தி நிற்கிறது எனலாம். தொல்காப்பியச் சொல்லதிகாரம் பெயருக்கெனத் தனி இயல் வகுத்தது. பின்னர்த் தோன்றிய நன்னூல், பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துக் காட்டியது. பொருளுக்கும் அதன் பெயருக்கும் உள்ள தொடர்பு யாது என்பது இலக்கண ஆசிரியர் ஆராய்ந்த வினா.

வரலாறு கற்பார்க்கு இதனின் வேறான வினா ஒன்று உண்டு. பெயர் மாறிய பின்னும், இடம் மாறிய பின்னும், இது முன்னிருந்த அதே பொருள்தான் என்று எவ்வாறு அறிவது? பழைய ஏட்டில் ஒரு பெயரும் புதிய ஏட்டில் வேறொரு பெயரும் காணப்படின், இரண்டையும் இணைக்கும் கண்ணி எங்கே உள்ளது? சிங்கப்பூரில், சிறப்பாகச் சிராங்கூன் சாலையையும் அதனைச் சூழ்ந்த தெருக்களையும் கொண்ட ‘லிட்டில் இந்தியா’ வட்டாரத்தில், இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. அங்குள்ள கோயில்கள், சந்தை, மருத்துவமனை, தெருக்கள் ஆகியவற்றுள் பல, பெயராலோ இடத்தாலோ இரண்டாலுமோ மாறியவை. அம்மாற்றங்களின் கண்ணிகளை அறியாதவர் தமிழரின் வரலாற்றைப் பாதியிலிருந்தே படிக்க நேரும்.

கணிப்பொறி உலகம் கண்ட நான்கு வழிகள்

இச்சிக்கலை அண்மைக் காலத்தில் மிகத் தெளிவாக எதிர்கொண்டவர்கள் கணிப்பொறி நிரல் எழுதுவோர் ஆவர். அவர்கள் பலராகக் கூடி ஒரே கோப்புத் தொகுதியைத் திருத்துகின்றனர். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்னும் வரலாற்றைக் காத்து வைக்கத் தனி மென்பொருள்கள் தோன்றின. 1972இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். இவ்வகையில் முன்னோடியானது. 1980களில் வால்ட்டர் டிச்சியின் ஆர்.சி.எஸ். என்பதும், அதனை அடியொற்றி டிக் குரூன் தொடங்கிய சி.வி.எஸ். என்பதும் வந்தன.

ஒரு கோப்பின் உள்ளே நிகழும் திருத்தங்களை இவை நன்கு காத்தன. ஆயின், கோப்பின் பெயரையே மாற்றினாலோ, அதனை ஓர் அடைவிலிருந்து மற்றோர் அடைவுக்கு நகர்த்தினாலோ என் செய்வது? சி.வி.எஸ். முறையில் இதற்கு நேரிய வழி இல்லை. பழைய பெயரிலுள்ள கோப்பை நீக்கிவிட்டுப் புதிய பெயரில் ஒன்றைச் சேர்ப்பதே வழக்கம். பழைய வரலாறு பழைய பெயரின் கீழ்க் கிடக்கும். புதிய கோப்போ அன்றுதான் பிறந்தது போலத் தோன்றும். இது முதல் வழி. அழித்தெழுதும் வழி எனலாம்.

2000இல் தொடங்கப்பெற்று 2004இல் முதற்பதிப்பு முழுமையுற்ற சப்வெர்ஷன் என்னும் மென்பொருள், புதிய கோப்பு எந்தப் பழைய கோப்பின் படி என்பதனையும் உடன் எழுதி வைத்தது. 2005இல் வந்த மெர்க்குரியல் என்பதும் இன்ன கோப்பு இன்ன பெயராயிற்று என்பதைப் பதிவில் சேர்த்தது. இது இரண்டாவது வழி, தொடர்பெழுதும் வழி. பசார் என்னும் மற்றொரு மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் மாறாத அடையாளக் குறி ஒன்றை வழங்கியது. பெயர் எத்தனை முறை மாறினும் குறி மாறாது. இது மூன்றாவது வழி.

நான்காவது வழி சற்று வியப்பானது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதே இல்லை. ஒவ்வொரு நிலையிலும் கோப்புகள் எவ்வாறு இருந்தன என்பதை மட்டும் அது காக்கிறது. பின்னர் ஒருவர் வரலாற்றை வினவும்போது, மறைந்த கோப்பின் உள்ளடக்கத்தையும் புதிதாய்த் தோன்றிய கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் போதிய அளவு ஒத்திருப்பின் இது பெயர் மாற்றமே எனக் கணிக்கிறது. அவ்வளவு இயல்பாகப் பாதிக்குப் பாதி என வைக்கப்பட்டுள்ளது. இதனால் ஒரு நடைமுறை நெறி பிறந்தது. பெயர் மாற்றத்தையும் உள்ளடக்கத் திருத்தத்தையும் ஒரே வேளையில் செய்யலாகாது. முதலில் பெயரை மட்டும் மாற்றிப் பதிக்க வேண்டும், அதன்பின் திருத்த வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெருமளவில் செய்தால் ஒப்புமை குன்றிப் பழையதும் புதியதும் தொடர்பற்ற இரு பொருள்களாகிவிடும்.

அழித்தெழுதுதல், தொடர்பெழுதுதல், மாறாக் குறியிடுதல், உள்ளடக்கத்தை ஒப்பிடுதல் என்னும் இந்நான்கும் கணிப்பொறிக்கு மட்டும் உரியவை அல்ல. ஊரின் வரலாற்றைக் காப்போரும் அறிந்தோ அறியாமலோ இவற்றுள் ஒன்றையே கையாளுகின்றனர். சிங்கப்பூர்ச் சான்றுகள் இதனை விளக்கும்.

பெயர் மட்டும் மாறியவை

சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் இருபுறமும் பகோடா தெருவும் டெம்பிள் தெருவும் உள்ளன. இரண்டும் ஆலயத்தின் பெயரால் அமைந்த காரணப்பெயர்கள். கோபுரத்தைக் கண்ட ஐரோப்பியர் அதனைப் ‘பகோடா’ என்றனர். இவற்றுள் டெம்பிள் தெரு முன்பு அல்மேடா தெரு எனப்பட்டது. அல்மேடா என்னும் பெயர் நகரின் வேறிடங்களுக்கும் இருந்தமையால் குழப்பம் நேராதிருக்க 1908இல் நகராண்மையினர் அதனை மாற்றினர். தெரு நகரவில்லை, வீடுகளும் நகரவில்லை, பெயர் ஒன்றே மாறியது. மாற்றிய ஆண்டும் காரணமும் ஏட்டில் உள்ளமையால் 1908க்கு முந்திய ஆவணங்களைப் படிப்பவர் தடுமாற வேண்டியதில்லை.

மற்றொன்று சூலியா தெரு. அது முன்பு ‘கிளிங்’ தெரு எனப்பட்டது. கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் வழிவந்ததாகக் கருதப்படும் அச்சொல், காலப்போக்கில் இந்தியரை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. இந்திய சமூகத்தினர் அதனை விரும்பாமையால் 1920களின் தொடக்கத்தில் தெருவின் பெயர் மாற்றப்பட்டது. இழிவு தரும் பெயரை நீக்குதல் தக்க செயலே. எனினும், பழைய பெயரைத் தெருப்பலகையிலிருந்து அகற்றுவது வேறு. வரலாற்று ஏட்டிலிருந்து அகற்றுவது வேறு. பின்னதைச் செய்தால், சிங்கப்பூரில் தென்னிந்திய வணிகர் வாழ்ந்த தெரு ஒன்று நூறாண்டு முன்னர் எப்பெயரால் வழங்கியது என்பதும், அப்பெயரை எதிர்த்து மாற்றச் செய்தவர்கள் அம்மக்களே என்பதும் ஒருங்கே மறையும்.

சிராங்கூன் சாலையில் 1855இல் எழுந்த பெருமாள் கோயில் முன்பு நரசிம்மப் பெருமாள் கோயில் எனப்பட்டது. இன்று ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம் எனப்படுகிறது. 1978இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றதும் இப்புதுப் பெயரால்தான். பழம்பெயரை ஓர் ஏட்டில் கண்ட மாணவர், அப்படியொரு கோயில் இருந்து அழிந்ததோ என ஐயுறக்கூடும். அவ்வையத்தைத் தீர்ப்பது நான்காவது வழியாகிய ஒப்புநோக்கே. இடம் ஒன்றே, வைணவ வழிபாடு ஒன்றே. தைப்பூசக் காவடிகள் இங்கிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி ஆலயத்திற்குச் செல்கின்றன. தீமிதி ஊர்வலம் இங்கிருந்து மாரியம்மன் ஆலயத்திற்குச் செல்கிறது. பெயர்ப்பலகை மாறினும், விழாக்கள் செல்லும் தடம் கோயிலின் தொடர்ச்சிக்குச் சான்றாகிறது.

இடம் மட்டும் மாறியவை

கட்டப்படுவதற்கு முன்னரே இடம் மாறிய கோயில் மாரியம்மன் ஆலயம். 1819இல் இராபிள்சுடன் கப்பலேறி வந்த நாராயண பிள்ளை கோயிலுக்கென நிலம் வேண்டினார். முதலில் தெலுக் ஆயரில் நிலம் கிடைத்தது. வழிபாட்டிற்கு வேண்டிய நன்னீர் அங்கு இல்லாமையால் அது பொருந்தவில்லை. 1821இல் ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே வேறு நிலம் தரப்பட்டது. 1822இல் வகுத்த நகரத் திட்டம் அதனையும் இயலாததாக்கியது. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலை நிலம் வழங்கப்பட, 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு கோயில் எழுந்தது. நில வழங்கீடுகள் எழுத்தில் இருந்தமையாலேயே, கோயில் எழாத இரு நிலங்களும் அதன் வரலாற்றில் இடம் பெற்றுள்ளன. தொடர்பெழுதும் வழியின் பயன் இதுவாகும்.

ஆர்ச்சர்ட் சாலையில் டோபி காட் பகுதியிலிருந்த ஸ்ரீ சிவன் ஆலயம், பெருவிரைவு ரயில் பாதைக்கு நிலம் தேவைப்பட்டமையால் 1983இல் அங்கிருந்து பெயர்ந்தது. பத்தாண்டுகள் சிராங்கூன் சாலையில் தற்காலிக இடத்தில் இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் புதிய கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. கட்டடம் புதிது, நிலம் புதிது, பெயரும் இறைவனும் அடியாரும் பழையோர். ஆகவே பழைய கோயில் மறைந்தது என்று எவரும் எழுதுவதில்லை. இடம் மாறியது என்றே எழுதுகின்றனர்.

இதற்கு நேர்மாறான நிலை ரேஸ் கோர்ஸ் சாலைக்கு நேர்ந்தது. இன்று ஃபேரர் பார்க் எனப்படும் வெளியில் 1843 முதல் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. பந்தயத் திடல் 1933இல் புக்கித் தீமாவுக்கும், 1999இல் கிராஞ்சிக்கும் பெயர்ந்தது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி, சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிவுற்றது. சாலையின் பெயரோ பெயராமல் நிற்கிறது. காரணப்பெயராகத் தோன்றியது, காரணம் அகன்றபின் இடுகுறி போல வழங்குகிறது. நன்னூல் வகுத்த பகுப்பை விளக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. பொருள் போன பின்பும் அது முன்பு இருந்த இடத்தைப் பெயர் காட்டுகிறது.

தெருப்பெயர்களுள் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் ஒரே பொருளை இரு மொழியில் உரைப்பன. ‘கெர்பாவ்’ மலாய்ச்சொல், எருமை என்பது பொருள். ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் எருமைத் தொழுவம். அண்மையிலுள்ள பெலிலியோஸ் சாலை, கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகர் ஒருவர் பெயரைத் தாங்கியது. கால்நடைத் தொழிலே இந்தியர் பலரை இவ்வட்டாரத்திற்கு ஈர்த்தது. அங்கிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924 முதல் மகப்பேற்று மருத்துவமனையாக விளங்கிற்று. 1997இல் அது புக்கித் தீமா சாலையின் புதிய கட்டடத்திற்கு மாறியபோது, ‘கேகே’ என்னும் ஈரெழுத்துகளே பெயரில் எஞ்சின. அங்குப் பிறந்தோர் பலர், தம் பிறப்பிடப் பெயரில் எருமைத் தொழுவம் ஒன்று ஒளிந்திருப்பதை அறியார். பெயர் மாறவில்லை, சுருங்கியது. சுருக்கமும் ஒருவகை மறதியே.

இரண்டும் மாறிய சந்தை

பெயரும் இடமும் கட்டடமும் ஒருங்கே மாறியதற்குச் சிறந்த சான்று தேக்கா சந்தை. சிராங்கூன் சாலையும் புக்கித் தீமா சாலையும் சந்திக்கும் இடத்தருகே 1915இல் அமைந்த அச்சந்தைக்கு ஏட்டுப்பெயர் கண்டாங் கெர்பாவ் சந்தை. மக்கள் வழங்கிய பெயர் தேக்கா. ‘தெக் கியா’ என்னும் ஹொக்கியன் சீனத் தொடரின் திரிபு அது. மூங்கிலடி என்பது பொருள். ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்த காலத்துப் பெயர் என்பர். சீனத்தில் பிறந்த இச்சொல் தமிழர் நாவில் முழுத் தமிழ்ச்சொல் போலாகி, ஈரச்சந்தையை மட்டுமன்றி வட்டாரம் முழுவதையும் குறித்தது.

1982இல் சந்தை சாலையின் மறுபுறத்தில் எழுந்த புதிய கட்டடத்திற்கு மாறியது. அவ்வேளையிலேயே அதற்கு ‘சூஜியாவ்’ நிலையம் எனப் பெயரிடப்பட்டது. அதே சீன எழுத்துகளை மாண்டரின் ஒலிப்பில் உரைத்தால் வருவது இப்பெயர். எழுத்தளவில் பொருள் மாறவில்லை, மூங்கிலடியே. ஆயின், தமிழரும் மலாய்க்காரரும் அதனைத் தம் தேக்காவாக உணரக் கூடவில்லை, ஒலிக்கவும் இடர்ப்பட்டனர். இடமும் கட்டடமும் பெயரும் ஒருசேர மாறியமையால், பழையதையும் புதியதையும் இணைக்கும் கண்ணியாக மக்கள் நாவு ஒன்றே எஞ்சிற்று. அந்நாவு தளரவில்லை. 2000இல் அதிகாரமுறைப் பெயரும் தேக்கா நிலையம் என்றே திருத்தப்பட்டது.

பெயரையும் உள்ளடக்கத்தையும் ஒரே வேளையில் மாற்றலாகாது என்னும் கணிப்பொறியாளர் நெறியின் உண்மை இங்கு விளங்கும். சந்தை இடம் மாறியபோது பெயர் பழையதாகவே இருந்திருப்பின், பதினெட்டு ஆண்டுக் குழப்பம் நேர்ந்திராது. ஊரை மாற்றியமைக்கும் தேவை நேர்கையில், பழையதன் ஒரு கூறையேனும் நிலையாக விட்டு வைத்தல் தொடர்ச்சிக்கு இன்றியமையாதது.

ஏட்டில் ஏறாத தமிழ்ப் பெயர்கள்

மேற்கண்டவை யாவும் ஏதோ ஒரு வகையில் பதிவு பெற்றவை. பதிவே பெறாத பெயர்களின் நிலை வேறு. சிராங்கூன் சாலை வட்டாரத்தைத் தமிழர் முன்னாளில் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். ‘கம்போங்’ என்னும் மலாய்ச்சொல்லைத் தமிழாக்கிக் கம்பம் என வழங்கினர். அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளே பெயருக்குக் காரணம். நகரின் பெருங்கட்டடங்கள் சுண்ணாம்பைப் பெரிதும் வேண்டிய காலம் அது. இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் சுவர்கள் ‘சென்னைச் சுண்ணம்’ எனப்பட்ட கலவையால் பூசப்பட்டவை. இன்றைய ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் அந்நாளில் சுண்ணாம்புக் கம்பக் கோயில் எனப்பட்டது.

இத்தமிழ்ப்பெயர் தெருப்பலகையில் ஏறவில்லை. ஆகவே அதனை எவரும் முறையாக நீக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. வழங்குவோர் அருகியபோது அதுவும் அருகிற்று. ‘லிட்டில் இந்தியா’ என்பதோ காலத்தால் பிந்தியது. 1982இல் சாரோன் சித்திக், நிர்மலா பூரு சோத்தம் ஆகியோரின் ஆய்வுநூல் அப்பெயரைத் தலைப்பில் தாங்கி வெளிவந்தது. 1989இல் அவ்வட்டாரம் அப்பெயராலேயே பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பெற்றது. 2003இல் ரயில் நிலையமும் அப்பெயர் பெற்றது. வருவோர்க்கு வழிகாட்ட அப்பெயர் பெரிதும் உதவுகிறது. எனினும், அப்பெயரை மட்டும் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டும் மாணவர்க்கு ஒன்றும் அகப்படாது. சுண்ணாம்புக் கம்பம், தேக்கா, கண்டாங் கெர்பாவ் ஆகிய பெயர்களை அறிந்தவர்க்கே ஏடு வாய் திறக்கும். அறியாதவர்க்குத் தமிழரின் நூற்றைம்பது ஆண்டு வாழ்வு, சுற்றுலாப் பெயர் ஒன்று தோன்றிய நாளில் தொடங்கியது போலக் காட்சியளிக்கும். அழித்தெழுதும் வழியின் கேடு இதுவே. இங்கு அதனை ஒருவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பது கேட்டைக் குறைப்பதில்லை.

பள்ளிகளுக்கும் இது பொருந்தும். 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியால் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தோன்றிய தமிழ்ப்பள்ளி, பின்னர்ச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர் பெற்று, உயர்நிலைக் கல்வியும் அளித்து, 1982இல் மூடப்பட்டது. அப்பெயர் மறையவில்லை. பீட்டி சாலையில் இயங்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அதனைத் தாங்கி நிற்கிறது. பள்ளி வேறு, நிலையம் வேறு, இடமும் வேறு. பெயர் ஒன்றே இரண்டையும் பிணைக்கும் கயிறு. அங்குப் பயிலும் மாணவர் அக்கயிற்றின் மறுமுனையில் இருப்பது யாது என அறிதல் வேண்டும்.

முடிவுரை

பெயர்கள் மாறவே செய்யும்; இடங்களும் மாறவே செய்யும். நிலம் குறுகிய நகரில் இது தவிர்க்க இயலாதது. வரலாற்றைக் காக்கும் நிறுவனங்களே இதற்கு விலக்கல்ல. 1968இல் வேறு பெயரில் தோன்றிய சிங்கப்பூர்த் தேசிய ஆவணக்காப்பகம், 1997இல் கேனிங் ரைசுக்கு இடம் மாறி, 2012இல் தேசிய நூலக வாரியத்தின் கீழ் வந்தது. இராபிள்ஸ் நூலகம் 1960இல் தேசிய நூலகமாகி, 2005இல் விக்டோரியா தெருவுக்குப் பெயர்ந்தது. மாற்றங்கள் எழுதப்பட்டுள்ளமையால் அவற்றின் தொடர்ச்சி குன்றவில்லை.

தமிழர் வழங்கிய பெயர்களுக்கும் அத்தகைய பதிவு வேண்டும். அதற்கான மூலங்கள் உள்ளன. 1887இல் தோன்றிய சிங்கை நேசன் முதலாக, 1935இல் தோன்றித் தொடரும் தமிழ் முரசு ஈறாக, தமிழிதழ்களின் செய்திகளிலும் விளம்பரங்களிலும் பழைய இடப்பெயர்கள் விரவிக் கிடக்கின்றன. 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணியில் தமிழர் பலர் தம் நினைவுகளைக் கூறிச் சென்றுள்ளனர். முதியோர் பலர் இன்றும் வீடுகளில் உள்ளனர்; பிறர் ‘லிட்டில் இந்தியா’ என்னும்போது அவர்கள் தேக்கா என்கின்றனர்.

தமிழாசிரியர்க்குரிய பணி பெரிதும் அருமையானதன்று. பழம்பெயர், புதுப்பெயர், மாறிய ஆண்டு, மாறியது பெயரா இடமா இரண்டுமா, இதனைக் கூறும் ஏடு அல்லது ஆள் யார் என்னும் ஐந்து கட்டங்கள் கொண்ட பட்டியல் ஒன்று போதும். இடுகுறி, காரணப்பெயர் பற்றிய பாடம் நடக்கும் நாளில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் ஓர் இடப்பெயரைக் கேட்டு வந்து அப்பட்டியலில் ஒரு வரி எழுதலாம். ஆண்டுதோறும் அப்பட்டியல் வளரும். தொடர்பெழுதும் வழி என மேலே கூறப்பட்டது அதுவே. அறிந்தவர் உள்ளபோதே அதனை எழுதி வைத்தல் வேண்டும். அவர்கள் மறைந்தபின் ஒப்பிட்டுக் கணிக்கலாம் எனின், ஒப்பிடுவதற்கு உள்ளடக்கமும் எஞ்சியிருக்க வேண்டுமன்றோ? சுண்ணாம்புச் சூளைகள் எஞ்சவில்லை. சொல் ஒன்றே எஞ்சியது.